அது மறுசுழற்சி இல்ல, மாப்ள

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். வயலைப் பார்க்கணும்னு சொன்னான், கூட்டிட்டுப் போனேன். கார் பருவத்து நாத்து நட்டு இருபது நாள் ஆகுது. வயலைச் சுத்திக் கம்பு ஊன்றி, வரிசையாச் சேலை கட்டி வச்சிருக்கேன். மலையடிவாரம் இல்லையா, பன்னித் தொல்லை. சேலை காத்துல ஆடினா ஆள் நிக்குதுன்னு பயந்து ரெண்டு நாள் வராது. மூணாம் நாள் பழகிரும், அது வேற கதை.

"மாமா, இத்தனை சேலை எங்க வாங்குனீங்க?"ன்னான்.

"வாங்கலடே, வாய்க்கால்ல வந்துச்சு"ன்னேன்.

உடனே போனை எடுத்து நாலு படம் பிடிச்சான். ராத்திரி பார்த்தா ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கான்: 'ஆற்றில் வரும் துணியை மறுசுழற்சி செய்யும் என் விவசாயி மாமா.' கூடவே ரெண்டு கைதட்டுற பொம்மை.

எனக்குக் கோபம்தான் வந்துச்சு. பிள்ளை மேல இல்ல, அந்த வார்த்தை மேல. இன்னொருத்தர் கழிச்சுப் போட்டதை நான் கழுத்தளவு தண்ணியில நின்னு அறுத்து எடுக்கிறதுக்கு மறுசுழற்சின்னு பேர் வச்சா, போட்டவர் ஏதோ எனக்குத் தானம் பண்ணின மாதிரி ஆயிருதில்ல?

அந்தச் சேலை எப்படி வருதுன்னு சொல்றேன். பாபநாசத்துல தாமிரபரணியில முங்கிக் குளிச்சிட்டு, உடுத்தியிருந்த துணியை அப்படியே ஆத்துல விட்டுட்டுப் போனா பீடை கழியும்னு ஒரு நம்பிக்கை. சேலை, வேட்டி, பனியன், பேண்ட், பிள்ளைகளோட கவுன் வரைக்கும் விடுறாங்க. ஆடி அமாவாசைக்கு அதுக்கும் மேல, காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில்ல கூட்டம் கூட்டமாத் தங்கி இருப்பாங்க. அது புலிகள் காப்பகக் காடு. அங்க விட்டதும் கீழதான் வரணும். ஆறு மேல ஏறாது.

ஆத்துக்குக் குறுக்க எட்டு அணைக்கட்டு இருக்கு. மேலேருந்து மூணாவது கன்னடியன். அந்தக் கால்வாய்த் தண்ணியிலதான் எங்க பக்கத்து நெல்லு. கால்வாய்ல வர்ற துணி மடை வாயில வந்து நிக்கும். முதல்ல ஒரு சேலை பலகையில மாட்டும். அதுல ஆகாயத்தாமரை சேரும், அதுல பாட்டில், தெர்மோகோல், பழைய செருப்பு. ஒரு ராத்திரியில மடை அடைச்சிரும்.

இந்த வருசம் எனக்கு அப்படித்தான் ஆச்சு. முறைத் தண்ணி எனக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல. போய்ப் பார்த்தா வயலுக்குச் சொட்டுத் தண்ணி ஏறல. இறங்கி அரிவாளால அறுத்தேன். ஒரு மணி நேரம். சேலை காலைச் சுத்திக்கிட்டு இழுக்குது, கீழ உடைஞ்ச பாட்டில். கையில மூணு தையல். விடிஞ்சா முறை அடுத்தவருக்கு. அண்ணாச்சிகிட்ட போய், எனக்கு இன்னும் பாயலன்னு கெஞ்சணும். அவர் வயலும் காயுது, அவர் என்ன செய்வாரு? ரெண்டு பேருக்கும் நாலு நாள் பேச்சில்ல. பாபநாசத்துல யாரோ கழிச்ச பீடை எங்க ரெண்டு பேர் வீட்டுக்கு வந்து சேர்ந்துச்சு.

சம்பிரதாயத்தைத் தொடாதேன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. நானும் அப்பாவுக்குத் திதி கொடுக்க அந்தப் படித்துறைக்குத்தான் போறேன். ஆனா எங்க தாத்தா காலத்துத் துணி பருத்தி. தண்ணியில கிடந்தா இத்துப் போகும். இப்ப நீங்க விடுற சேலை பாலியஸ்டர். அது பிளாஸ்டிக்தான், நூலா இழுத்த பிளாஸ்டிக். இத்துப் போகாது. நான் வேலியில கட்டினா வெயில்ல நைஞ்சு, இழை இழையாப் பிஞ்சு என் வயல் மண்ணுக்குள்ள போகுது. தொளியில காலை வச்சா விரலிடுக்குல நூல் சிக்குது. இதைத்தான் மாப்ள மறுசுழற்சின்னு போட்டான். ஆத்துல இருந்து எடுத்து மண்ணுல போடுறேன், அவ்வளவுதான்.

மறுசுழற்சின்னா என்னன்னு எங்க ஊர் பழைய இரும்புக்கடைக்காரரைக் கேளுங்க. தண்ணி பாட்டிலை எடுப்பார், அட்டையை எடுப்பார், தகரம், இரும்பு, அலுமினியம் எல்லாம் எடை போட்டு எடுப்பார். ஷாம்பு பாக்கெட்டையும் சிப்ஸ் கவரையும் கொண்டுபோனா, "வேற சோலி இல்லியா வே?"ன்னு கேப்பார். அந்தக் கவர்ல பிளாஸ்டிக், அலுமினியப் பூச்சு, மறுபடி பிளாஸ்டிக்னு அடுக்கடுக்கா ஒட்டியிருக்கு. பிரிக்க முடியாது, பிரிச்சாலும் கட்டுபடியாகாது.

மத்திய அரசு 2016ல பிளாஸ்டிக் கழிவு விதி போட்டப்ப, மறுசுழற்சி செய்ய முடியாத இந்த அடுக்குக் கவர்களை ரெண்டு வருசத்துல ஒழிக்கணும்னு எழுதினாங்க. 2018ல அதைத் திருத்தி, எரிச்சு வெப்பம் எடுக்க முடிஞ்சாலோ வேற உபயோகம் இருந்தாலோ தப்பிச்சுக்கலாம்னு வழி விட்டுட்டாங்க. எதையும் எரிக்கலாம்ல? சிமெண்ட் சூளையில போட்டா எல்லாம் எரியும். ஆனா ஒரு ரூபாய் பாக்கெட்டை எங்க படித்துறையில இருந்து பொறுக்கிச் சூளை வரைக்கும் கொண்டு போறது யாரு? பஞ்சாயத்துத் தூய்மைக் காவலர் ஒரு அம்மா, ஒரு வண்டி. அந்த அம்மாவுக்குக் கையுறை கிடைக்கிறதே பெரிய பாடு.

எங்க பேச்சுல குப்பைன்னா உரம்னு உங்களுக்குத் தெரியுமா? "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?"ன்னா எரு போட்டாச்சான்னு அர்த்தம். சாணி, சாம்பல், கூளம் எல்லாம் குழியில கிடந்து மக்கி வயலுக்குப் போகும். கிழிஞ்ச சேலை தொட்டிலாகும், அப்புறம் கரித்துணி, கடைசியில விளக்குத் திரி. எங்களுக்கு வந்து பாடம் எடுக்கிறவங்க இதை முதல்ல தெரிஞ்சுக்கிடணும்.

அதுக்காக ஊர்க்காரன் யோக்கியன்னு சொல்ல வரல. 2019லிருந்து கேரி பேக் தடை. எங்க ஊர்ச் சந்தையில மீன் வாங்கினா இன்னைக்கும் கேரி பேக்லதான் தர்றாங்க, நானும் வாங்கியிருக்கேன். கோழிக்கடைக் கழிவு ராத்திரியோட ராத்திரியா வாய்க்காலுக்குத்தான் போகுது. பூச்சிமருந்து அடிச்சிட்டு டப்பாவை வாய்க்கால்ல அலசி அங்கேயே விட்டெறிஞ்சவன்ல நானும் ஒருத்தன். எத்தனை வருசம்னு கணக்கில்ல. அந்தத் தண்ணியைத்தான் கீழூர்ல குடிச்சாங்க. இதை எழுதவே கூசுது.

காவிரின்னா கர்நாடகாவைத் திட்டலாம். தாமிரபரணிக்கு அந்த வசதியும் கிடையாது. பொதிகையில பிறந்து புன்னைக்காயல்ல கடல்ல விழுற வரைக்கும் சுமார் 128 கிலோமீட்டரும் நம்ம மாநிலத்துக்குள்ளேயே ஓடுது. இதுல கிடக்கிற ஒவ்வொரு துணியும் நம்மாள் விட்டது, திருநெல்வேலியில கலக்கிற சாக்கடையும் நம்ம சாக்கடை.

லீவு நாள்ல வந்து ஆத்தைச் சுத்தம் பண்ற பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். மூட்டை மூட்டையாத் துணி எடுக்குறாங்க, வெயில்ல வெந்து எடுக்குறாங்க. ஆனா அவங்க மேட்டுல மூட்டை கட்டும்போதே இந்தப் பக்கம் ஒருத்தர் முங்கி எழுந்து வேட்டியை விடுறாரு. வர்றதை நிறுத்தாம எடுத்துக்கிட்டே இருக்கிறது, ஓட்டைப் பானையில தண்ணி இறைக்கிற கதைதான். பேருந்து நிக்கிற இடத்துலயே ஆள் நிக்கணும். கொண்டு வந்த துணி கொண்டு வந்தவர் பையிலயே திரும்பிப் போகணும். பாக்கெட் செய்ற கம்பெனி பாக்கெட்டைத் திரும்ப வாங்கணும். வாங்க முடியாதுன்னா அந்தப் பாக்கெட்டைச் செய்யக் கூடாது. இதைக் கேட்க எங்க கிராமசபைக்குக் குரல் பத்தாது. வாங்கிப் போடுற ஊர்க்காரங்க நீங்க, நீங்க கேட்டாத்தான் கம்பெனிக்காரன் காதுல விழும்.

மறுநாள் காலையில மாப்ளகிட்ட இதையெல்லாம் சொன்னேன். தலையைத் தொங்கப் போட்டுக் கேட்டான், ஸ்டேட்டஸை எடுத்துட்டான். நல்ல பையன். அப்புறம் மெதுவா, "மாமா, வர்ற வழியில பாபநாசம் போயிட்டுத்தான் வந்தோம்"னான்.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். "கட்டியிருந்த சேலை எங்கக்கா?"ன்னேன்.

அக்கா காபி ஆத்துறதுல மும்முரமா இருந்தா. ஆடி அமாவாசைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள மடைக்கு முன்னால ஒரு கம்பிவலை அடிச்சாகணும்.