ஃப்ராஸ்டிங்: கேக்கில் இனிப்பு, முகத்தில் காயம்

போன வாரம் ஓபியில் 22 வயசுத் தம்பி ஒருத்தர். மாஸ்க்கைக் கழட்டச் சொன்னேன். இரண்டு கன்னத்திலும் கருப்பாகப் பொருக்கு. சில இடத்தில் அவரே உரிச்சு விட்டிருந்தார். அடியில் செக்கச்செவேல்னு புண்.

"என்ன தம்பி போட்டீங்க?"

"பருத் தழும்புக்கு பீல் சார். ஆன்லைன்ல வாங்கினேன். ஃப்ராஸ்டிங் வர்ற வரைக்கும் போடணும்னு வீடியோல சொன்னாங்க. சரியா வரல. அதான் மேல மேல நாலு கோட் போட்டேன்."

இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஃப்ராஸ்ட் என்றால் உறைபனி. ஊட்டியில் ஜனவரி அதிகாலையில் புல் மேல வெள்ளையா படிஞ்சிருக்குமே, அதுதான். அதே மாதிரி வெள்ளையாகத் தெரிகிற பலதுக்கும் இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. கேக் மேல் பூசுகிற க்ரீம் ஃப்ராஸ்டிங். ஃப்ரீசரில் பனி கட்டுவதும் ஃப்ராஸ்டிங். இந்த ரெண்டிலும் வெள்ளை மேலேதான் இருக்கு. சுரண்டினால் வந்துடும்.

தோலில் கதையே வேற.

அந்தத் தம்பி வாங்கினது டிசிஏ, அதாவது ட்ரைகுளோரோ அசிட்டிக் ஆசிட். இது தோலில் பட்டதும் அங்கே உள்ள புரதம் உறைந்து வெள்ளையாகுது. முட்டையின் வெள்ளைக்கரு சூடு பட்டதும் வெளுக்குதே, கிட்டத்தட்ட அதே வேலை. மேலே எதுவும் படியல. உங்க தோலேதான் அப்படி மாறியிருக்கு.

எளிமையா சொன்னா, அது அளவோடு செய்யப்படும் ஒரு ரசாயனக் காயம்.

தோல் மருத்துவர்கள் இதை மூணு நிலையாகப் பிரிக்கிறார்கள்.

நிலை 1: சிவந்த தோலில் அங்கங்கே வெள்ளை.
நிலை 2: முழுக்க வெள்ளை, ஆனால் அடியில் சிவப்பு தெரியும்.
நிலை 3: சிவப்பே தெரியாத கெட்டி வெள்ளை. ஆழமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஆசிட் இன்னும் ஆழமாகப் போகும். மருத்துவர் ஃப்ராஸ்டிங்கைப் பார்ப்பது எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்சுக்க. வீடியோக்காரர் அதையே "எட்ட வேண்டிய இலக்கு" ஆக்கிட்டார். பிரேக்கை ஆக்சிலேட்டர்னு சொல்லிக் கொடுத்த மாதிரி!

இன்னொரு குழப்பமும் இருக்கு. சாலிசிலிக் ஆசிட் பீலில் வரும் வெள்ளை, அந்த மருந்தே தூளாகப் படிவது. போலி ஃப்ராஸ்டிங். துடைச்சா போயிடும். கிளைகோலிக் ஆசிட்டில் வெள்ளை தெரிந்தால் அது அபாய அறிகுறி, உடனே நிறுத்தணும். பார்க்க எல்லாமே வெள்ளைதான். வீட்டில் கண்ணாடி முன்னாடி நின்னு எதை எப்படிப் பிரிச்சுப் பார்ப்பீங்க?

நம்மைப் போன்ற மாநிறம், கருநிறத் தோலுக்கு ஆபத்து இன்னும் அதிகம். காயம் ஆறினாலும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். தழும்பைப் போக்கப் போய், அதைவிடப் பெரிய திட்டு மிஞ்சும்.

அமெரிக்காவின் எஃப்டிஏ 2024-லேயே, மருத்துவ மேற்பார்வை இல்லாமல் இந்த அடர் பீல்களை வாங்கிப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தது. என் கருத்து: டிசிஏ பாட்டில் ஃபேஸ்வாஷ் பக்கத்தில் கார்ட்டில் போட்டு வாங்கும் பொருளாகவே இருக்கக் கூடாது. வாங்கினவரை மட்டும் திட்டிப் பயனில்லை. விற்பவருக்கும், சொல்லிக் கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு.

ஏற்கெனவே போட்டு எரிச்சல் வந்துட்டா?

✅ உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷமாவது கழுவுங்க. கண்ணில் பட்டிருந்தா கண்ணையும் கழுவிட்டு நேரா மருத்துவமனை வாங்க.
❌ பேஸ்ட், மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம்.
❌ பொருக்கை உரிக்காதீங்க. வெயிலில் போகாதீங்க.

பருத் தழும்புக்கு வைத்தியம் இருக்கு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கு. அந்தத் தம்பியையும் அங்கேதான் அனுப்பியிருக்கேன். போகும்போது கேட்டார், "பழையபடி ஆயிடுமா சார்?"

"ஆறிடும் தம்பி. ஆனா கொஞ்ச மாசம் பொறுமையா இருக்கணும்" என்றேன்.

ஃப்ராஸ்டிங் கேக்கில் இருக்கட்டும். அதுவும் அளவா!