பழைய ஜீன்ஸுடன் கடைக்குப் போங்கள்

யந்திரங்களைச் சாடிய காந்தி 1924ல் விதிவிலக்கு அளித்தது சிங்கர் தையல் மெஷினுக்கு. இன்றைய ஷோரூமில் அவருக்கே தலை சுற்றும். ஏழு தையல், இருபத்தோரு தையல், கம்ப்யூட்டரில் பூ வேலை என்று விற்பனையாளர் அடுக்க அடுக்க, வந்தவரின் பட்ஜெட் எகிறுகிறது. வாங்கியபின் வீட்டில் பயன்படுவதென்னவோ நேர்த் தையல், ஓரம் பிரியாமலிருக்க ஜிக்ஜாக், எப்போதாவது பட்டன் துளை. மீதித் தையல்களுக்கும் சேர்த்துத்தான் தவணை.

கடையில் காட்டும் டெமோவையும் நம்ப வேண்டாம். கஞ்சி போட்ட விறைப்பான பருத்தித் துணியில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். பழைய ஜீன்ஸின் கால் மடிப்பு, ஒரு துண்டு ஜார்ஜெட் இரண்டையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். முன்னதில் ஊசி திணறுகிறதா, பின்னதில் துணி சுருங்குகிறதா என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். துணியைத் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், மேல் நூலின் இறுக்கத்தைச் சரிசெய்து காட்டச் சொல்லலாம்.

எம்பிராய்டரி ஆசைக்கு உடனே தனி மெஷின் தேவையில்லை. பிரஷர் ஃபுட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களை இறக்கியோ மூடியோ வைத்து, வளையத்தில் இறுக்கிய துணியைக் கையால் நகர்த்தினால் கறுப்பு மெஷினிலேயே பூப் போடலாம். பழக நாளாகும், விரல் ஜாக்கிரதை. ஒரே டிசைனை ஐம்பது ஜாக்கெட்டில் போட்டு விற்பவருக்குத்தான் கம்ப்யூட்டர் மெஷின் கட்டுப்படியாகும்.

பரணில் பாட்டியின் மெஷின் கிடந்தால், எடைக்குப் போடுமுன் மெக்கானிக்கிடம் காட்டலாம். அதற்கான உதிரி பாகங்கள் லூதியானாவில் இன்னும் தயாராகின்றன. புதிய மாடல் என்றால், சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்பதைப் பணம் கட்டுமுன் கேட்டுவிட வேண்டும்.