நேர்முகப் பரீட்சையும் மன்னார்க் காற்றும்

பொறியியற் பட்டம் பெற்றுப் பத்தாண்டு தொழிலாற்றிய ஒருவர் முகாமையாளர் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் முறை யாவரும் அறிந்ததே. எத்தனை பேரை வழிநடத்தினார், எவ்வளவு செலவைச் சுருக்கினார், பிணக்கொன்றை எவ்வாறு தீர்த்தார் என்பனவற்றைச் சிறு கதைகளாக்கி ஆங்கிலத்தில் மனனஞ் செய்கிறார். கதை ஒவ்வொன்றிலும் அவரே நாயகர். பிணக்குக்குரியவர்களோ எப்போதும் அலுவலகச் சுவர்களுக்கு உள்ளேயே இருப்பவர்கள். இதனை ஆயத்தம் என்று ஏற்பதற்கில்லை.

மன்னார்த் தீவை நோக்கினால் இதன் குறை விளங்கும். இலங்கை மின்சார சபையின் 'தம்பபவனி' காற்றாலை 2020 டிசெம்பரில் அங்கு திறந்துவைக்கப்பட்டது. தென்கரையில் 30 சுழலிகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற், ஆக 103.5 மெகாவாற். இக்கணக்கை எந்தப் பரீட்சார்த்தியும் தடையின்றி ஒப்புவிப்பார். ஆனால் அத்தீவு வெறும் காற்றும் மணலும் அன்று. அது கரைவலை இழுபடும் கரை. பனை நிற்கும் நிலம். மாரிவெள்ளம் வடிய வழிதேடும் தாழ்வு. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் வழி. அருகே பெருநிலப்பரப்பிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. சுழலியின் அடித்தளத்துக்கும் வீதிக்குமாக நிலத்தை உயர்த்தினால் வெள்ளம் எப்பக்கம் செல்லும் என்று அத்தீவார் கேட்கின்றனர். இது உணர்ச்சிவயப்பட்ட கூச்சலா? வடிகாலமைப்பு குடிசார் பொறியியலின் அரிச்சுவடியன்றோ!

மக்களோடு பேசுதல் வேறோர் அலுவலரின் பணி என்பர் சிலர். காலத்தையும் செலவையும் காப்பதே முகாமையாளரின் கடன் என்றும் அவர்களே கூறுவர். அவ்வாறாயின் நிகழ்ந்தவற்றை நோக்குக. மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனம் அமைக்கவிருந்த காற்றாலைகளை எதிர்த்துச் சுற்றாடலார் உயர் நீதிமன்றம் சென்றனர். மின்விலையும் மீளாய்வுக்கு உள்ளாயிற்று. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் தொடர்போராட்டத்தில் இறங்கவே, வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்துமாறு ஜனாதிபதி பணித்தார். எந்த முகாமையாளரின் கால அட்டவணையில் இவற்றுக்கு இடமிருந்தது?

காற்று மின்சாரம் வேண்டாமென்பதன்று இங்கு வாதம். நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் அந்நியச் செலாவணியைக் கொட்டும் நாட்டுக்கு அது வேண்டியதே. அதனை நடத்துவோர் எவ்வாறு தெரியப்படுகின்றனர் என்பதே வினா. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்பதோடு அமையாது, அடுத்து 'தெரிந்து வினையாடல்' என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். தேர்வுச் சபைகளோ முன்னதையே அரை மணி நேரத்தில் முடித்துவிடுகின்றன.

தமிழராய்ப் பிறந்தமையும் இதற்குப் போதாது. மன்னாரென்றால் கழுதையும் பெருக்கமரமும் என்றளவில் நிற்கும் யாழ்ப்பாணத்துப் பொறியியலாளரினும், தமிழ் கற்றுப் பேசாலைக் கரையில் மீனவரோடு உரையாடக்கூடிய சிங்களப் பொறியியலாளரே அப்பதவிக்குத் தகுதியுடையவர்.

ஆகவே பரீட்சார்த்தி நவம்பர் மழையில் ஒருமுறையேனும் அத்தீவின் ஒழுங்கைகளில் நடந்து, நீர் தேங்குமிடங்களைத் தம் கையால் வரைபடத்திற் குறித்து வருதல் வேண்டும். தேர்வுச் சபையில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தார் ஒருவருக்கும் ஆசனம் அளித்தல் வேண்டும். முதல் வினாவை அவரே தமிழிற் கேட்கட்டும்.