பிரமிட்டுக்கு மாஷா அல்லாஹ், முக்தாருக்கு மட்டும் அஸ்தஃபிருல்லாஹ்வா?



கெய்ரோவில் எடுத்த படங்களைப் போன கிழமை இங்கே போட்டிருந்தேன். பிரமிட்டுக்கும் ஸ்பிங்க்ஸுக்கும் முன்னால் எடுத்த படங்களுக்கு "மாஷா அல்லாஹ்" வரிசையாக வந்தது. சிற்பி மஹ்மூத் முக்தாரின் நூதனசாலையில் எடுத்த படங்களுக்குக் கீழே "அஸ்தஃபிருல்லாஹ்", "ஒரு ஆசிரியர் போற இடமா சேர் இது?", "பிள்ளைகளுக்கும் இதைத்தான் காட்டப் போறீங்களா?" என்று வந்தது. தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. ஸ்பிங்க்ஸ் என்பது என்ன? பிர்அவ்ன்கள் காலத்துச் சிலை. ஒரு காலத்தில் மனிதர்கள் வணங்கிய சிலை. முக்தார் செதுக்கியது தண்ணீர்க் குடம் சுமக்கும் கிராமத்துப் பெண்ணை. அதை யாரும் ஒருநாளும் வணங்கியதில்லை. வணங்கப்பட்டதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கலாம், வணங்கப்படாததைப் பார்க்கவும் கூடாது என்றால் இது என்ன பேணுதல்?

முக்தார் யார் என்று தெரியாமலே பலர் எழுதியிருந்தார்கள். 1891இல் நைல் டெல்டாவின் ஒரு கிராமத்தில் பிறந்த முஸ்லிம் பிள்ளை. சின்ன வயதில் வாய்க்கால் ஓரத்துக் களிமண்ணில் உருவம் செய்தவர். கெய்ரோவில் 1908இல் நுண்கலைப் பாடசாலை திறந்தபோது அதன் முதல் மாணவர்களில் ஒருவர். பிறகு பாரிஸ் போய்ப் படித்தார். 1919இல் ஆங்கிலேயருக்கு எதிராக எகிப்து கிளர்ந்த பிறகு, "நஹ்ளத் மிஸ்ர்", அதாவது எகிப்தின் எழுச்சி என்ற சிலையைச் செய்தார். அதைக் கல்லில் செதுக்கப் பொதுமக்கள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். அஸ்வான் கருங்கல்லில் செதுக்கி 1928இல் திறந்தார்கள். இன்று அது கெய்ரோ பல்கலைக்கழகத்துக்கு முன்னால் நிற்கிறது. முக்தார் 1934இல் மௌத்தானார்.

அவருடைய நூதனசாலை ஜஸீரா தீவில் ஒரு பூங்காவுக்குள் இருக்கிறது. 1962இல் திறந்தது. மரநிழலில் நடந்து உள்ளே போனால் ராஜாக்களை விட வயல்காரர்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள். சந்தையால் திரும்பும் பெண்கள், ஆற்றங்கரையில் குடத்தோடு நிற்பவர்கள். "கமாஸீன்" என்ற சிற்பத்தில் பாலைவனக் காற்றை எதிர்த்து ஒரு பெண் குனிந்து நடக்கிறாள். அவளுடைய போர்வை காற்றில் உப்பி நிற்கிறது. கல்லுக்குள் காற்றைக் கொண்டு வந்திருக்கிறார் மனிதர். எங்கள் ஊர் வயலுக்குப் போகும் உம்மாமார்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள். இதில் ஷிர்க் எங்கே இருக்கிறது?

நான் ஃபத்வா கொடுக்க வரவில்லை. அது உலமாக்களின் வேலை. ஆனால் உலமாக்கள் இதைப் பற்றிப் பேசியே இல்லை என்பது போல எழுதாதீர்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் அப்துஹு சிசிலிக்குப் போய்வந்து, உருவங்களையும் சிலைகளையும் பாதுகாப்பது அறிவைப் பாதுகாப்பது என்ற கருத்தில் "அல்மனார்" சஞ்சிகையில் எழுதினார். தடை வந்தது சிலை வணக்கம் நிறைந்திருந்த காலத்தில், வணக்கம் என்ற காரணத்துக்காக என்பது அவருடைய வாதம். இதை ஏற்காத ஆலிம்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களையும் மதிக்கிறேன். ஆனால் சிலை செய்வது ஒன்று, வீட்டு ஹோலில் வைப்பது இன்னொன்று, நூதனசாலையில் பார்த்துப் படிப்பது வேறொன்று. மூன்றையும் ஒரே சொல்லால் அடித்து மூடுவது இல்ம் ஆகாது.

இது கெய்ரோவோடு முடிகிற கதை என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். நம் பகுதியில் ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். பிள்ளைகளைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிப்போக இருந்தார்கள். "அங்கே சிலைகள் இருக்கு" என்று முறைப்பாடு வந்தது. கல்விச் சுற்றுலா நீச்சல் தடாகச் சுற்றுலாவாக மாறியது. யாருக்கும் ஆட்சேபனை இல்லை!

அந்த நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியவர் யார் தெரியுமா? மர்ஹூம் வாப்பிச்சி மரிக்கார். 1877இல் திறந்த கட்டடம். அதே மனிதர்தான் சித்திலெப்பையோடு சேர்ந்து 1892இல் கொழும்பு ஸாஹிராவுக்கு அடித்தளம் போட்டார். அந்த முயற்சிக்குப் பக்கபலமாக நின்றவர் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா. ஒராபியின் புரட்சியோடு சேர்ந்ததற்காக நாடு கடத்தப்பட்ட இன்னொருவர்தான் மேலே சொன்ன ஷெய்க் அப்துஹு. நம் கல்வியின் வேர் இங்கே இருக்கிறது. அந்த நூதனசாலைக்குள் காலியில் கண்டெடுத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியது. பாரசீகப் பகுதியில் அல்லாஹ்வின் பெயர் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதைப் பார்க்காமலே பத்தாம் தரம் தாண்டுகிறார்கள். பொலன்னறுவை கல் விகாரைச் சிலைகளைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்து எழுத வைக்கிறோம். நேரில் பார்த்தால் மட்டும் ஈமான் போய்விடுமா?

2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டபோது நாம் எல்லோரும் தலைகுனிந்தோம். சிலை என்றால் ஒன்று வணங்குவது, இல்லாவிட்டால் உடைப்பது, இரண்டே வழி என்று ஒரு பிள்ளை நினைத்து வளர்ந்தால் அதன் விலையை முழு ஊரும் கட்ட வேண்டி வரும். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. நின்று பார்ப்பது, யார் ஏன் செய்தார்கள் என்று கேட்பது, மற்றவருக்கு அது புனிதம் என்றால் அதை மதித்து விலகி வருவது. அதைப் பழக்குவதற்குத்தான் நூதனசாலை. ஆசிரியர் கூடவே இருக்கிறார், வாய்ப்பை ஏன் கெடுக்கிறீர்கள்?

பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கும் பெற்றோரே, அடுத்த சுற்றுலாவுக்கு இடம் தெரிவு செய்யும்போது நூதனசாலையைப் பட்டியலில் திரும்பச் சேருங்கள். சந்தேகம் இருந்தால் ஊர் மௌலவி ஒருவரையும் கூடவே அழைத்துப் போவோம். அவர் கண்ணுக்கு முன்னாலேயே பிள்ளைகள் கேட்கட்டும்.

மறுப்பவர்கள் ஆதாரத்தோடு எழுதுங்கள், வாசிக்கிறேன். ஏசுவதற்கு மட்டும் வராதீர்கள். என் மாணவர்களும் இதை வாசிக்கிறார்கள்.