லயத்துக்கு எப்போது உறுதி?

பெரகல சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால் 'லைன்' என்ற இங்கிலீஷ் சொல் நாலைந்து வேடத்தில் காதில் விழும். கரண்ட் போனால் 'லைன் இல்ல'. போன் இரைந்தால் 'லைன் கிளியர் இல்ல'. பேங்கில் கூட்டமென்றால் 'லைன்ல வாங்க'. மேலே அப்புத்தளைக்கு ஏறினால் ரயில் லைன். கிரிக்கெட் பார்க்கிறவருக்கு அது பந்து விழும் திசை. இவை எதற்கும் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

தேயிலைத் தோட்டத்துக்குள் போனதும் அதே சொல் 'லயன்', 'லயம்' என்று தேய்ந்து குடியிருப்பாகிவிடுகிறது. மேட்டு லயம், பணிய லயம், பத்துக் காம்பரா லயம். சங்கீதம் படித்தவர் லயம் என்றால் தாளத்தை நினைப்பார். இங்கே அது ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டி நிற்கும் அறைகளின் வரிசை. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. பல குடும்பங்களில் அந்த இஸ்தோப்பை மறைத்துத்தான் அடுப்பு. லயம் ஆங்கிலேயன் தந்தது, காம்பரா போர்த்துக்கீசம், இஸ்தோப்பு டச்சு. கட்டியவன் வேறு, குடியிருப்பவன் வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வெள்ளைக்காரன் பட்டாளத்துக் குடியிருப்பு வரிசையையும் 'லைன்ஸ்' என்றுதான் சொன்னான். டில்லியின் சிவில் லைன்ஸில் துரைமார் பங்களா கட்டி வாழ்ந்தார்கள். இன்றும் அது வசதியானவர்களின் பகுதி. அதே சொல் மூணாறு மலைக்கும் போய் லயமானது. 2020 ஆகஸ்ட்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியபோது செத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும்.

நமக்கு அது புதுக் கதையல்ல. பெரகலயிலிருந்து வெல்லவாயப் பாதையில் இறங்கினால் வரும் கொஸ்லந்தைப் பக்கம், மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தப்பியவர்களில் பலர் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் அடைந்து கிடந்தார்கள். தனி வீட்டுச் சாவி கைக்கு வர இரண்டு வருடமானது.

எச்சரிக்கை வந்தும் ஏன் யாரும் நகரவில்லை? போக அவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லை. தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. மண் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு. லயத்தில் பிறந்து லயத்திலேயே கிழவியானவளுக்கு ஒன்றுமில்லை. பிரதேச சபையும் நெடுங்காலம் எட்டிப்பார்க்கவில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டம் சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க விடவில்லை; அதைத் திருத்தவே 2018 ஆகிவிட்டது. பல தோட்டங்களில் காம்பராவுக்கு இலக்கம் இல்லாததால் கடிதம் இன்னமும் தோட்ட ஆபீசுக்குத்தான் வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த கதையைச் சொல்ல ஒவ்வொரு லயத்திலும் ஒரு பிள்ளை இருக்கும்.

ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் நல்லதுதான். ஆனால் அடிக்கல் நாட்டும் படங்கள் பத்திரிகைக்கு வருகிற வேகத்தில் உறுதிப் பத்திரம் வருவதில்லை. மலையக உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் இனி வீட்டுக் கணக்கை மட்டும் வாசிக்க வேண்டாம். எந்தத் தோட்டத்தில், எத்தனை குடும்பத்துக்கு, எந்தத் தேதிக்குள் உறுதி என்று அமைச்சரிடம் எழுத்தில் பதில் வாங்கட்டும்.