ஒப்புவிக்கும் ஆங்கிலமா, உதவும் ஆங்கிலமா?

தமிழும் ஆங்கிலமும் போதும், இந்திக்கு நம் பள்ளிகளில் இடமில்லை என்று 1968, சனவரி 23 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியது அறிஞர் அண்ணாவின் அரசு. அந்த இரண்டில் ஒன்று, வீட்டு மொழி. மற்றது? பட்டணத்துப் பங்களாவில் பிறந்த பிள்ளைக்கு விளையாட்டோடு வருகிறது. பட்டிதொட்டியில் பிறந்த பிள்ளைக்கோ பள்ளிக்கூடமே கதி! அங்கே கிடைப்பதென்ன? செய்வினை, செயப்பாட்டுவினை, உரைநூலில் அச்சிட்ட கட்டுரை! ஓதி, ஒப்புவித்து, மதிப்பெண்ணும் வாங்கிய பதினாறு வயதுப் பிள்ளை, வங்கியில் ஒரு படிவத்தைப் படிக்கத் தயங்கி நிற்கிறது. பிள்ளை மக்கு என்கிறார்கள். மக்கு பிள்ளையா, முறையா?

வேறு முறைக்குச் சீமைக்கு ஓட வேண்டியதில்லை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் நடத்திக் காட்டினார். ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் செய்து முடிக்கும் போக்கிலேயே மொழியைப் புகட்டுவது! ஆங்கிலம் கற்பிப்போர் உலகெங்கும் இதைப் 'பெங்களூர்த் திட்டம்' என்று படிக்கிறார்கள்.

கரும்பலகையில் ஒரு தொடர்வண்டிக் கால அட்டவணை. எந்த வண்டி முதலில் சேரும்? பத்து மணிக்குள் ஊர் போய்ச் சேர எதில் ஏறவேண்டும்? ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்பார். வகுப்பு முழுதும் கூடி விடை காணும். பிறகு அதுபோல் வேறோர் அட்டவணை. இம்முறை ஒவ்வொரு பிள்ளையும் தானே விடை தேடவேண்டும். மறுநாள் ஊர்ப்படம். மனம் விடையைத் தேட, மொழி வந்து ஒட்டிக்கொள்கிறது! சந்தையில் நின்று கணக்குக் கற்ற சிறுவனை நாம் அறியோமா?

ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும், உண்மை. மற்றபடி கரும்பலகை, சுண்ணக்கட்டி, தாள், இவ்வளவே. பணம் எங்கே என்ற வழக்கமான முணுமுணுப்பு இங்கே செல்லாது.

இலக்கணம் கெடாதா என்பர். மறைப்பானேன்? இரு முறை மாணவர்களையும் சோதித்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறையினர் முந்தினர். வேலையைச் செய்து முடிக்கும் தேர்வில் புதிய முறையினர் முந்தினர். எதைப் பழக்கினார்களோ, அது வந்தது!

ஆகவே, முடிச்சு வினாத்தாளில் இருக்கிறது. ஊர்ப்படம் பார்த்து வழி சொல்லும் வினா நம் பத்தாம் வகுப்புத் தாளிலும் வந்ததுண்டு. நல்ல வினா! ஆனால் அதற்கும், "நேரே செல்க, இடப்புறம் திரும்புக" என்று ஆயத்த விடை விற்கின்றன உரைநூல்கள்! படம் எதுவாயினும் பிள்ளை இடப்புறம் திரும்பிக்கொண்டே இருக்கிறது. இரண்டொரு மதிப்பெண்ணுக்காக எந்த ஆசிரியர் பாடமுறையை மாற்றுவார்?

யாரும் முன்னே கண்டிராத அட்டவணை, அறிவிப்பு, படிவம் ஆகியவற்றை ஆண்டுதோறும் புதிதாக அச்சிட்டு, மதிப்பெண்ணில் பாதியை அவற்றுக்கு ஒதுக்கட்டும் கல்வித்துறை. உரைநூல் வணிகர் முகம் சுளிப்பர். சுளிக்கட்டுமே!