கோழிக்கோட்டில் ஆடிய மகளிர்

மகளிர் கால்பந்து என்பது மேலை நாடுகளிலிருந்து அண்மையில் வந்த புதுப் பழக்கம் என்றே நம்மவரில் பலர் எண்ணுகின்றனர். எங்கள் மருங்காபுரிப் பக்கத்துத் திண்ணைகளிலும் இப்பேச்சைக் கேட்கலாம். வரலாறோ வேறு விதமாக இருக்கிறது.

ஐரோப்பிய மகளிருக்கான முதல் அதிகாரபூர்வ சாம்பியன் போட்டியின் இறுதியாட்டம் 1984இல்தான் நடைபெற்றது. பெனால்டி உதைகளில் இங்கிலாந்தை வென்று ஸ்வீடன் வாகை சூடியது. ஆசியாவிலோ அதற்கு முன்பே, 1975இல் ஹாங்காங்கில் தொடங்கி 1983 வரை, ஐந்து முறை மகளிர் போட்டி நடந்து முடிந்திருந்தது. அவற்றுள் ஒன்று நம் அண்டையிலுள்ள கோழிக்கோட்டில் 1979-80இல் நடந்தது. இந்திய மகளிர் இறுதியாட்டம் வரை முன்னேறித் தைவானிடம் தோற்றனர். 1981இல் மூன்றாமிடம், 1983இல் பாங்காக்கில் மீண்டும் இரண்டாமிடம். வங்காளத்து வீராங்கனை சாந்தி மல்லிக் 1983ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதைப் பெற்றார். கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

ஐரோப்பா பிந்தியதற்குக் காரணம் பார்வையாளர் இன்மையன்று. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில், டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஆடியதைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டு டிசம்பரிலேயே, இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது எனக் கூறி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அத்தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. மேற்கு ஜெர்மனியிலும் 1955 முதல் 1970 வரை தடை இருந்தது. அதே ஜெர்மானிய மகளிர் 1989இல் ஐரோப்பியப் பட்டத்தை வென்றபோது, அவர்தம் சங்கம் ஒவ்வொருவருக்கும் வழங்கிய பரிசு என்ன தெரியுமா? பீங்கான் கோப்பைகளும் தட்டுகளும்! அடுக்களையை மறந்துவிடாதீர்கள் என்று நினைவூட்டினார்கள் போலும்.

பின்னர் அவர்கள் விழித்துக்கொண்டனர். 2022இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் மோதிய இறுதியாட்டத்தைக் கண்டவர்கள் 87,192 பேர். முந்தி ஓடிய நாமோ தேங்கினோம். நெடுங்காலம் ஆடாதிருந்தமையால் 2009இல் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்திய மகளிர் அணியின் பெயர் நீங்கியது. இதனை எந்த நாளேடு பெரிதாக எழுதிற்று?

அத்தேக்கத்தை உடைத்ததில் தமிழ்நாட்டுப் பெண்களுக்கும் பங்குண்டு. 2018இல் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தேசிய சாம்பியன் பட்டத்தைக் கொணர்ந்தனர். 2023இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று மீண்டும் பெற்றனர். இடையே 2019இல் மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்ற இந்திய அணி, 2026ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

நம் வீட்டுப் பெண்மக்களுக்கு மட்டும் இன்னொரு கதவும் இருந்தது. 2011 ஜூனில் ஜோர்தான் தலைநகர் அம்மானில், தலைமறைப்பு அணிந்து வந்த காரணத்தால் ஈரானிய மகளிர் ஒலிம்பிக் தகுதியாட்டத்தில் ஆட அனுமதிக்கப்படவில்லை. கழுத்து இறுகும் அபாயம் உண்டென்று காரணம் கூறினர். ஜோர்தான் இளவரசர் அலீ பின் அல் ஹுசைன் விடாது வாதாடினார். 2012இல் சோதனை முறையிலும் 2014இல் நிரந்தரமாகவும் விதி தளர்த்தப்பட்டது.

ஆயினும் பிரான்சின் கால்பந்துச் சங்கம் தன் போட்டிகளில் தலைமறைப்பைத் தடுத்தே வந்தது. 2023 ஜூனில் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அடுத்த மாதம் 30ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் மொராக்கோவின் நுஹைலா பென்சீனா தலைமறைப்புடன் களமிறங்கினார். முதுநிலை உலகக் கோப்பையில் அவ்வாறு ஆடிய முதல் வீராங்கனை அவர். தென்கொரியாவை மொராக்கோ 1-0 என வென்றது. அடுத்த சுற்றில் அவ்வணி சந்தித்தது பிரான்சைத்தான். 0-4 எனத் தோற்றது.